கோபுரமும் குப்பி விளக்கும்

மலையகக் கவிதைகளிலும் சிறுகதைகளிலும் ‘இருள்’ என்னும் சொல் எத்தனை தடவை வருகிறது என்று எவரேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? ஒரு மழைக்கால விடுமுறையிலே, கைக்கெட்டிய தொகுப்புக்களையெல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டு நான் எண்ணத் தொடங்கினேன். இரண்டே நாளில் அலுத்துப்போய் விட்டுவிட்டேன். இருள், காரிருள், கவிந்த இருள், நூற்றாண்டு இருள். அதற்கு எதிராக விடியல், உதயம், செங்கதிர், சுடர். இவ்விரு அணிகளுக்கும் இடையில் நம் எழுத்தாளர் பேனாவைச் செலுத்திக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் மின்கம்பி என்ற சொல்லைத் தேடினேன்; மீற்றர் என்ற சொல்லைத் தேடினேன்; மாதந்தோறும் லயத்துக்கு வந்து சேரும் கட்டணச் சீட்டைத் தேடினேன். அவை அருமையாகவே அகப்பட்டன.

இதனை ஓர் அற்ப விஷயமென்று வாசகர்கள் தள்ளிவிட வேண்டாம். எந்த மலைகளின் நீர் இந்நாட்டுக்கு மின்சாரம் தந்ததோ அந்த மலைகளின் மக்களைப் பற்றிய இலக்கியம் இருளை வெறும் உருவகமாகவே கண்டு வந்திருக்கிறது என்றால், அது நம் யதார்த்தவாதத்தைப் பற்றிய கேள்வியாகும். இருள் லயத்துக் காம்பராவில் உண்மையாகவே இருந்தது. அதற்குக் காரணம் இருந்தது. காரணத்துக்குச் சட்டமும் விலையும் கையொப்பமும் இருந்தன. உருவகம் இவற்றையெல்லாம் விழுங்கிவிட்டது.

முன்னோடிகளை இதற்காகக் குறை கூறுவது நியாயமாகாது. புதுமைப்பித்தன் 1930களில் ‘துன்பக்கேணி’ எழுதியபோது லயங்களிலே குப்பி விளக்கன்றி வேறொன்றில்லை. சி. வி. வேலுப்பிள்ளை 1954இல் தேயிலைத் தோட்டத்தைப் பற்றிய தமது ஆங்கிலக் காவியத்தை வெளியிட்ட காலத்திலும், கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ 1964இல் வெளிவந்த காலத்திலும் நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை. ஊவா மண்ணில் பிறந்த தெளிவத்தை ஜோசப், ‘நாமிருக்கும் நாடே’ தொகுதியிலும் ‘காலங்கள் சாவதில்லை’ நாவலிலும் லயத்து வாழ்க்கையை உள்ளிருந்து காட்டினார். அவருக்குப் பின் அந்த வாழ்க்கையை வெளியாள் கண்ணால் எழுதுவது வெட்கத்துக்குரியதாயிற்று. என் குற்றச்சாட்டு இவர்கள்மேல் அன்று. கம்பி வந்த பின்னும் குப்பி விளக்கையே பாடிக்கொண்டிருக்கும் பின்வந்தோர்மீதும், அப்பாடல்களுக்கு முற்போக்கு முத்திரை குத்தி மகிழ்ந்த என்னைப் போன்ற விமர்சகர்மீதுமே அது விழுகிறது.

ஒரு செய்தியை முதலில் நினைவுபடுத்திக் கொள்வோம். தோட்டத்துக்கு மின்சாரம் புதிதன்று. வெள்ளைத் துரைமார் காலத்திலேயே தேயிலைத் தொழிற்சாலைகளின் உருளைகள் ஓடை நீரால் சுழன்றன. முதலில் நீர்ச்சக்கரம்; பின்னர் சிறு மின்னாக்கிகள். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இலங்கைத் தோட்டங்களில் இத்தகைய சிறு நீர்மின் நிலையங்கள் நூற்றுக்கணக்கில் இயங்கின. தொழிற்சாலையில் விளக்கெரிந்தது, துரை பங்களாவில் எரிந்தது. அதே ஓடையின் கரையில், அதே தோட்டத்தில், லயத்திலே மண்ணெண்ணெய் புகைந்தது. தேசிய மின் வலையமைப்பின் மலிவான மின்சாரம் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்ததும் அச்சிறு நிலையங்களிற் பலவற்றைத் துருப்பிடிக்க விட்டுவிட்டார்கள். லயத்தைப் பொறுத்தவரையில் இரண்டு மாற்றங்களும் ஒன்றுதான். கொழுந்து வாடுவதற்குக் காற்றும் வெளிச்சமும் கொடுத்த நிர்வாகம், கொழுந்து பறித்தவளின் பிள்ளை படிப்பதற்கு அதனைக் கொடுக்கவில்லை. இந்த ஒற்றைக் காட்சியிலே எத்தனை சிறுகதைகள் இருக்கின்றன!

நாட்டளவில் நடந்த கதையும் இதற்கு ஒத்ததே. பொறியியலாளர் விமலசுரேந்திர, மலையாறுகளைக் கொண்டு இத்தீவுக்கே மின்சாரம் தரலாம் என்ற கருத்தை 1918இல் பொறியியலாளர் கழகத்தின் முன் வைத்தார். ஆட்சியாளரின் அசட்டையையும் வர்த்தக நலன்களின் எதிர்ப்பையும் தாண்டி, அவர் கனவு கண்ட லக்ஷபான நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல். இவ்வாண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிக்கப்பட்டது. தோட்டத்துத் தமிழன் நாடற்றவனாக்கப்பட்ட ஈராண்டுக்குள், தோட்டங்களுக்கு நடுவிலிருந்து கொழும்புக்கு மின்சாரம் இறங்கத் தொடங்கியது. பின்னர் காசல்ரீ வந்தது, மவுஸ்ஸாகலை வந்தது, பழைய மஸ்கெலியா நகரமும் அதன் கோயிலும் நீருள் அமிழ்ந்தன. வரட்சிக் காலத்தில் நீர்மட்டம் தாழும்போது கோயில் தலைகாட்டுகிறது. பத்திரிகைகள் படம் பிடித்துப் போடுகின்றன.

இலங்கை மின்சார சபை 1969இன் 17ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் முதலாந் திகதி, அதுவரை அரசாங்க இலாகாவாக இருந்ததன் பொறுப்புக்களை ஏற்றுக்கொண்டது. உற்பத்தி, மின்செலுத்துகை, விநியோகம் மூன்றும் ஒரே கூரையின்கீழ், பொதுச் சொத்தாக அமைந்தன. இடதுசாரிகளாகிய நாம் அதை வரவேற்றோம், வரவேற்றது சரியே. தனியார் முதலாளி ஒருவன் மலைமேல் கம்பி இழுத்துப் பசறைக்கும் லுணுகலைக்கும் விளக்குக் கொடுப்பான் என்று நம்புவதற்கு எந்த நியாயமும் இல்லை. லெனின் 1920இல் சோவியத் அதிகாரத்தையும் நாடு முழுவதன் மின்மயமாக்கத்தையும் ஒரே மூச்சில் பேசியதைப் படித்து வளர்ந்த தலைமுறை நம்முடையது. ஆனால் ‘பொதுச் சொத்து’ என்று நாம் கூறியபோது அந்தப் பொதுவுக்குள் யார் அடங்கினார்கள் என்று கேட்க மறந்தோம். சபை பிறந்த 1969இல் ஊவாத் தோட்டங்களில் கொழுந்தெடுத்தவர்களிற் பெரும்பாலோர் எந்த நாட்டின் பிரஜையும் அல்லர். 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலைக்கணக்காகப் பங்கிட்டு ஐந்தாண்டுகளே ஆகியிருந்தன. அரசாங்கத்தின் சொத்து மக்களின் சொத்து என்றால், மக்களாக எண்ணப்படாதவனுக்கு அதிலே என்ன பங்கு?

இந்த வலையமைப்பு எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். ஆசிரியர்கள் பொறுத்துக்கொள்வார்கள். மின்சாரத்தை நெடுந்தூரம் கொண்டுசெல்ல வேண்டுமாயின் அதன் அழுத்தத்தை உயர்த்தவேண்டும். அழுத்தம் உயர்ந்தால் அதே ஆற்றலைக் குறைந்த ஓட்டத்தில் அனுப்பலாம். ஓட்டம் குறைந்தால் கம்பி சூடேறி வீணாகும் நட்டமும் குறையும். ஆகவே நம் நாட்டின் பெருவழிகள் 220, 132 கிலோவோல்ட் அழுத்தத்தில் ஓடுகின்றன. நுவரெலியாப் பக்கத்திலிருந்தும் ரந்தெம்பேயிலிருந்தும் வரும் 132 கிலோவோல்ட் வழிகள் பதுளை உபமின் நிலையத்தைச் சேர்கின்றன. அங்கே அழுத்தம் 33 கிலோவோல்ட்டாகத் தாழ்ந்து, மரக்கம்பங்களிலும் சீமெந்துக் கம்பங்களிலும் ஊர்களை நோக்கிப் பிரிகிறது. ஊரோரத்து மின்மாற்றியில் மேலும் இறங்கி 230 வோல்ட்டாக வீட்டுக்குள் நுழைகிறது. இந்த மூன்றாம் படி இல்லையானால் முதலிரண்டாலும் குடிசைக்குப் பயனில்லை. தலைக்குமேல் பெருங்கம்பி போவதனாலேயே கீழிருக்கும் வீட்டுக்கு வெளிச்சம் வந்துவிடாது.

இதனை நான் படித்துத் தெரிந்துகொண்டவனல்லன். ஒரு மாணவன் கேட்டுத் தெரிந்துகொண்டவன். 1990களில் ஊவாவின் ஒரு தோட்டப் பாடசாலையிலே எட்டாம் வகுப்புக்குத் தமிழ் கற்பித்து வந்தேன். ‘மின்சாரத்தின் பயன்கள்’ என்று கட்டுரை எழுதச் சொன்னேன். முப்பது பிள்ளைகளும் வழிகாட்டி நூலிலிருந்து மனனஞ்செய்த அதே கட்டுரையை எழுதினார்கள்: குளிர்சாதனப் பெட்டி, மின்தூக்கி, மின்சார இரயில். அவர்களில் ஒருவர் வீட்டிலும் மின்விளக்கு இல்லை. மின்சார இரயிலோ இந்த நாட்டிலேயே இல்லை. 1924இல் பதுளைக்கு வந்த இரயில் இன்றைக்கும் எண்ணெயில்தான் ஓடுகிறது. ஒரு பையன் மட்டும் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தான்: கோபுரம் எங்கள் மலையில் நிற்கிறது, கரண்ட் எங்கே போகிறது என்று தெரியவில்லை. பேச்சுவழக்கு கலந்திருக்கிறதென்று நான் சிவப்பு மையால் ‘கரண்ட்’டை அடித்து ‘மின்சாரம்’ என்று திருத்தினேன். கேள்விக்குப் பதில் எழுதவில்லை. இப்போது நினைத்தால் நாணமாக இருக்கிறது.

அவன் கேள்விக்குரிய பதிலின் பெரும்பகுதி பொறியியலில் இல்லை, நிலவுரிமையில் இருக்கிறது. தோட்டத்து லயம் அதில் வசிப்பவனுக்குச் சொந்தமில்லை. நாலு தலைமுறை அதே காம்பராவில் பிறந்து இறந்திருந்தாலும் உறுதிப்பத்திரம் இல்லை. 1972, 1975 நிலச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பெனிகளின் கைக்குப் போயிற்று. நிலம் அரசிடமிருந்து அவற்றுக்குக் குத்தகையாயிற்று. இந்த மாற்றங்களில் எதுவும் லயக் காம்பராவை அதன் குடியானவனுக்குச் சேர்க்கவில்லை. மின்சார இணைப்புக்கு விண்ணப்பிக்கிறவன் தான் இருக்கும் இடத்தின்மேல் உரிமை காட்டவேண்டும். இல்லையேல் உரியவரின் சம்மதம் காட்டவேண்டும். ஆகவே தோட்டத் தொழிலாளி துரையின் கந்தோருக்குப் போய்ச் சம்மதக் கடிதம் கேட்டு நின்றான். பொதுச் சொத்தாகிய மின்சாரத்துக்கும் பொதுமகனாகிய தொழிலாளிக்கும் இடையில் ஒரு தனியார் கையொப்பம் நின்றது. கடிதம் கிடைத்தவன் வீட்டில் விளக்கெரிந்தது. கிடைக்காதவன் பக்கத்துக் காம்பராவிலிருந்து கம்பி இழுத்தான். நூறாண்டு பழகிய பலகைத் தட்டியும் புகைபடிந்த கூரையும் கொண்ட லயத்தில் அந்தக் கம்பி என்ன செய்யும் என்பதைச் செய்திகளில் ‘மின்னொழுக்கினால் தீ’ என்ற தலைப்பில் ஆண்டுதோறும் படிக்கிறோம்.

கோபுரம் நாட்டுவதற்கு நிலம் தேவைப்பட்டால் நிலத்துக்கு உரியவரோடு பேசுகிறார்கள். தேயிலை குட்டைச் செடியாதலால் கம்பிக்குக் கீழே அதற்கு இடமுண்டு, கொழுந்தெடுப்பவளுக்கும் இடமுண்டு. மழைநாளிலே அக்கம்பிகள் இரைவதைக் கேட்டுக்கொண்டே அவள் கூடையை நிரப்புகிறாள். பேச்சு அவளோடு நடப்பதில்லை.

இன்று நாடு நூற்றுக்கு நூறு மின்மயமாகிவிட்டதென்று பெருமை பேசப்படுகிறது. ஊவாத் தோட்டங்களில் பெரும்பாலான காம்பராக்களுக்கு விளக்கு வந்துவிட்டது என்பது உண்மை; அதை மறுப்பது பொய்யாகும். குப்பி விளக்கையே இன்னும் பாடுகிறவர்கள் காலத்தில் பின்தங்கியவர்கள். ஆனால் விளக்கு வந்த பின் கேள்வி மாறியிருக்கிறது. நம் எழுத்து மாறவில்லை. 2022இலும் 2023இலும் நடந்ததைப் பாருங்கள். நாடு வங்குரோத்தாகி, 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. அவ்வாண்டு ஆகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 சதவீதம் உயர்ந்தது. 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 சதவீதம். சராசரி என்பது ஒரு பெரும் ஏமாற்று. மாதம் 30 அலகு மட்டும் எரிக்கும் ஏழை வீட்டைக் கணக்கெடுப்போம். முன்னர் அலகுக்கு இரண்டரை ரூபாய், நிலையான கட்டணம் 30 ரூபாய், மொத்தம் 105. 2023 பெப்ரவரியில் அலகுக்கு 30 ரூபாய், நிலையான கட்டணம் 400, மொத்தம் 1,300. பன்னிரண்டு மடங்குக்கு மேல்! அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம், 2021இல் நெடும் போராட்டத்தின்பின் நிர்ணயிக்கப்பட்ட 1,000 ரூபாய். அதுவும் குறித்த கிலோ கொழுந்து நிறுத்துக் காட்டினால். இரண்டு குமிழ் விளக்கும் ஒரு வானொலியும் வைத்திருப்பவள், அவற்றுக்காகவே ஒரு முழு நாளையும் அடுத்த நாளில் ஒரு பங்கையும் மலையேறி உழைக்கவேண்டியதாயிற்று.

அக்கட்டணம் 2023 ஜூலையிலேயே குறைக்கப்பட்டது, பின்னரும் குறைந்தது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆனால் அந்த ஐந்து மாதங்களில் சீட்டைக் கட்ட முடியாமல் இணைப்பை இழந்தவர்களுக்கு அது ஆறுதலாகாது. பட்டியலை வகுத்தவர்கள் நாணய நிதியத்துக்கும் பற்றாக்குறைக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவில் கருத்துக் கேட்டார்கள்; ஊவாவிலிருந்து ஒரு கொழுந்துப் பெண் கூடையோடு கொழும்புக்குப் போய்க் கருத்துக் கூற முடியுமா?

இனி உமா ஓயா. மகாவலிக்கு ரந்தெம்பேயில் போய்ச் சேரும் அந்த ஆற்றை வெலிமடைப் பக்கத்துப் புகுல்பொலவிலும் டயரபாவிலும் மறித்து, மலைக்குள் ஏறக்குறைய 15 கிலோமீற்றர் சுரங்கம் குடைந்து, எல்லவுக்கும் வெல்லவாயவுக்கும் இடையிலுள்ள கரந்தகொல்லையில் நிலத்துக்குள்ளேயே 120 மெகாவாட் நிலையம் அமைத்தார்கள். பொறியியலாகப் பார்த்தால் வியக்கத்தக்க வேலை. ஈரான் நாட்டுக் கம்பெனி கட்டியது. 2024 ஏப்ரலில் அந்நாட்டுச் ஜனாதிபதி ரைசியே வந்து திறந்து வைத்தார். ஆனால் சுரங்கம் குடையும்போது 2014 இறுதியிலும் மறுபடி 2017இலும் பாறைக்குள்ளிருந்த நீர் பீறிட்டுச் சுரங்கத்துக்குள் ஓடிவிட்டது. பண்டாரவளைச் சுற்றுப்புறத்தில் கிணறுகள் வற்றின, ஊற்றுக்கள் மறைந்தன, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017இல் பண்டாரவளை வீதிகளில் மக்கள் திரண்டனர். சிங்களக் கிராமத்தானும் தோட்டத் தமிழனும் வற்றிய ஒரே நிலத்தடி நீருக்காகக் குரல் கொடுக்கவேண்டிய வேளை அது. 1940இல் பதுளைக்கு அருகே வேவஸ்ஸத் தோட்டத்தில் இடதுசாரிகள் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பேசாத நம் மேடையே இல்லை. நம் கண்முன் நடந்த பண்டாரவளையைப் பற்றி ஒரு நல்ல நாவல் தமிழில் வந்ததாக நான் அறியேன். இறந்தகாலப் போராட்டம் பாடுவதற்கு எளிது. அதில் யாரும் கிணற்றடியில் நின்று நம்மைக் கேள்வி கேட்பதில்லை.

சபையைப் பிரிக்கும் விவகாரத்துக்கு வருகிறேன். 2024 ஜூனில் நிறைவேறிய 36ஆம் இலக்க மின்சாரச் சட்டம், சபையைக் கலைத்துப் பல கம்பெனிகளாக்க வழிவகுத்தது. அரசாங்கம் மாறிய பின் 2025இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. பிரிவினை ஒழியவில்லை, ஆனால் வலையமைப்பை இயக்கும் நிறுவனமும் மின்செலுத்துகை நிறுவனமும் அரசின் உடைமையாகவே இருக்கும் என்ற உறுதி இடம்பெற்றது. இதைப் பற்றி இருதரப்பும் எழுதிய கட்டுரைகளை ஒரு கட்டு படித்தேன். ஒரு தரப்புக்குத் திறமை என்பதே மந்திரம்: போட்டி வந்தால் நட்டம் போகும், சபை பெருச்சாளிகளின் கூடாரம். மறு தரப்பு, அதாவது நம் தரப்பு, தேசியச் சொத்து, விற்காதே, தொடாதே என்று முழங்குகிறது. என் மனம் எந்தப் பக்கம் என்பதில் ஐயம் வேண்டாம். மின்செலுத்துகை இயல்பாகவே ஒற்றை வழி. ஒரு மலைமேல் இரண்டு கம்பெனிகள் இரண்டு வரிசைக் கோபுரங்கள் நாட்டிப் போட்டியிடப் போவதில்லை. அத்தகைய ஏகபோகம் முதலாளியிடம் இருப்பதைவிட அரசிடம் இருப்பதே மேல். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலால் பதுளை மாவட்டத்து மலைகள் சரிந்து வீதியும் கம்பியும் ஒன்றாய் அறுந்தபோது, சேற்றிலே கம்பம் சுமந்தவர்கள் சபையின் தொழிலாளர்களே. இலாபக் கணக்குப் பார்க்கும் எவனும் லுணுகலைச் சரிவிலே நாலு லயத்துக்காக அந்த வேலையைச் செய்யமாட்டான்.

ஆயினும் அக்கட்டுரைகளில் ஒன்றிலேனும் சம்மதக் கடிதத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. உரிமைப் பத்திரமில்லாத குடியானவனை நுகர்வோனாகச் சட்டம் ஏற்குமா, நிலையான கட்டணத்தைத் தோட்டக் கூலியோடு எவராவது ஒப்பிட்டார்களா, தண்ணீர் இழந்த கிராமத்துக்கு மின்சாரத்தில் ஏதேனும் பாத்தியதை உண்டா என்பவையெல்லாம் கம்பெனி ஒன்றா ஆறா என்ற வாதத்துக்குள் அகப்படாமல் போயின. அரசுடைமை வேண்டும் என்று நாம் சொல்லுகிறோம். எதற்காக என்று கேட்டால் சொல்லக் கையில் விடை இருக்கவேண்டாமா? லயத்துப் பெண்ணுக்கு மீற்றர் அவள் பெயரில் கிடைக்கும் என்பதற்காக, என்று அக்கட்டுரைகளில் எவரும் எழுதியிருக்கலாம், எழுதவில்லை.

ஒரு சிறு வேடிக்கை. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தொட்டதென்றும், அதனாலே தீவு முழுவதும் இருண்டதென்றும் அமைச்சர் கூறினார். உலகமெல்லாம் சிரித்தது. அன்று ஒரு சில மணிநேரம் கொழும்புப் பெருமாளிகையும் பசறைக் காம்பராவும் சமநிலையடைந்தன. ஒரே வலையில் எல்லோரும் கட்டப்பட்டிருக்கிறோம் என்பதை நாம் கட்டுரை கட்டுரையாக எழுதியும் விளங்காதவர்களுக்கு அக்குரங்கு ஒரு நொடியில் விளக்கிவிட்டது.

இலக்கியத்துக்குத் திரும்புவோம். மின்சாரத்தைப் பற்றி எழுதுங்கள் என்று எழுத்தாளருக்குக் கட்டளையிடுவது என் நோக்கமன்று. உற்பத்திப் புள்ளிவிபரங்களைப் பாத்திரங்களின் வாயில் திணித்த கதைகளை ஒரு காலத்தில் நாம் போதுமளவு படித்துத் துன்புற்றிருக்கிறோம். நான் கேட்பது வேறு. இருள் என்று எழுதுமுன், எந்த ஆண்டின் இருள், யார் கையொப்பமிடாததால் வந்த இருள் என்று எழுதுபவர் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளட்டும். விமர்சகரும், கதை விடியலோடு முடிந்துவிட்டால் நம்பிக்கை தருகிறதென்று மதிப்பெண் போடுவதை நிறுத்தட்டும். விடியல் தினமும் வருகிறது. பெரட்டுக்கு நேரமாகிவிட்டதென்பதையே தொழிலாளிக்கு அது அறிவிக்கிறது.

சென்ற ஆண்டு லுணுகலைப் பக்கத்து இளைஞர் ஒருவர் ஒரு சிறுகதையின் கையெழுத்துப் பிரதியை எனக்கு அனுப்பியிருந்தார். கட்டணம் கட்டாததால் இணைப்பு அறுக்கப்பட்ட காம்பரா. கம்பியை அறுக்க வந்த ஊழியனும் ஒரு தோட்டத்துப் பிள்ளை. அவன் கம்பத்தில் ஏறுமுன் அந்த வீட்டுக் கிழவி அவனுக்குத் தேத்தண்ணீர் கொடுக்கிறாள். அவன் குடிக்கிறான், பிறகு ஏறுகிறான். இவ்வளவையும் அந்த இளைஞர் மூன்று பக்கத்தில், ஒரு சொல் மிகையில்லாமல் எழுதியிருந்தார். நாலாம் பக்கத்தில் கிழக்கு வெளுக்கிறது, செங்கதிர் நமுனுகுலை மலைமேல் எழுகிறது, எங்கோ ஒரு குரல் பாடுகிறது. நாலாம் பக்கத்தைக் கிழித்தெறிந்துவிட்டு அனுப்பும்படி எழுதினேன். அவர் இன்னும் பதில் போடவில்லை.